இரு சங்கங்களும் இரு இசைநூல்களும்

தமிழிசை ஆய்வின் வரலாறு என்று எழுதப்படுவது பெரும்பாலும் நூலாசிரியர்களின் வரலாறாகவே முடிந்துவிடுகிறது. ஆபிரகாம் பண்டிதரின் 'கருணாமிர்த சாகரம்' (1917), விபுலாநந்த அடிகளின் 'யாழ் நூல்' (1947) ஆகிய இரண்டும் தனிமனிதர் இருவரின் தவப்பயனாகப் போற்றப்படுகின்றன. அந்தப் போற்றுதலில் பிழையில்லை, போதாமை உண்டு. இரு நூல்களின் பின்னும் தஞ்சையைச் சேர்ந்த இரு சங்கங்கள் நிற்கின்றன. ஒன்று தன் நிறுவனரோடு ஒடுங்கிற்று. மற்றொன்று, கடல் கடந்த ஈழத்து அறிஞர் ஒருவரின் நூலையும் தன்னுடையதாக ஏற்றுத் தாங்கிற்று.

1855இல் தஞ்சை மராட்டிய அரச மரபு முடிவுக்கு வந்தபின், கலைஞரைப் புரந்த அரண்மனை இல்லாமற் போயிற்று. கோயில்களும் காவிரிப் பாசனத்தில் நெல் கண்ட மிராசுதார்களும் ஓரளவு கைகொடுத்தனர்; வித்துவான்கள் பலர் சென்னையை நாடினர். கச்சேரி கேட்கப் புரவலர் கிடைக்கலாம். ஒரு ஸ்தாயியில் சுருதிகள் எத்தனை என்னும் வழக்கை எந்த மிராசுதாரிடம் கொண்டுபோவது?

அந்த இடத்தை நிரப்ப முன்வந்தவர் பண்டிதர். சித்த மருத்துவத்தால் பெரும்பொருள் ஈட்டிய அவர், 1912இல் சங்கீத வித்தியா மகாஜன சங்கத்தை நிறுவி, 1916 வரை ஏழு மாநாடுகளைத் தம் செலவில் கூட்டினார். 'சங்கீத ரத்னாகரம்' வழிவந்த 22 சுருதிக் கணக்கை மறுத்து, ஸ்தாயியை 24 சம பாகமாக்கும் தம் கொள்கையை அங்கே முன்வைத்தார். சாத்திரம் கற்றோரும், பாடியும் வாசித்தும் பிழைத்தோரும் ஒரே அவையில் பேசினர் என்பது அக்காலத்துக்குச் சிறிய செய்தியன்று. 1916இல் பரோடாவில் நடந்த அனைத்திந்திய இசை மாநாட்டுக்கும் சென்று, தம் புதல்வியரைக் கொண்டு தம் கொள்கையை விளக்கிக் காட்டினார்.

எனினும் அச்சங்கத்தின் அமைப்பை நாம் உற்றுநோக்க வேண்டும். வழக்கில் வாதியாக நின்றவரே அவையைக் கூட்டியவர், செலவும் அவருடையது. மறுப்புகள் எழாமல் இல்லை. ஆனால் விருந்துக்கு வந்தவர் விருந்தளித்தவரை எவ்வளவு தூரம் மறுத்துரைக்க இயலும்? வக்ஃபு என்னும் ஏற்பாட்டை அறிந்த நம் வாசகர்களுக்கு இதை விரித்துரைக்க வேண்டியதில்லை: கொடுத்தவர் கையைவிட்டுப் பொருள் நீங்கினால்தான் அது கொடை. பண்டிதரின் வள்ளன்மை ஐயத்துக்கு அப்பாற்பட்டது. அது அவர் கையைவிட்டு நீங்கவில்லை. 1919இல் அவர் மறைந்தார். அவைக்கும் ஆளில்லாமற் போயிற்று. நூலின் இரண்டாம் பாகம் வெளிவர 1946 வரை காத்திருக்க நேர்ந்தது. சென்னை மியூசிக் அகாதெமிக்கு (1928) இச்சங்கத்தை முன்னோடி என்பர். ஆண்டுதோறும் அறிஞரைக் கூட்டி விவாதிக்கும் வழக்கத்தை நோக்க அது பொருந்தும்; நிலைத்துநின்ற திறத்தை நோக்கப் பொருந்தாது.

கரந்தைத் தமிழ்ச் சங்கத்தின் கதை வேறு. 1911இல் இராதாகிருட்டிணர் தொடங்க, அவர் தமையனார் வழக்கறிஞர் உமாமகேசுவரனார் தலைமையேற்று முப்பதாண்டு நடத்தினார். இங்கும் ஒருவர் நிழலே நெடிது விழுந்தது. ஆயினும் 1925 முதல் 'தமிழ்ப் பொழில்' இதழ், 1938இல் புலவர் கல்லூரி என, அவர் இல்லாதபோதும் இயங்கவல்ல உறுப்புகள் சங்கத்துக்கு வாய்த்திருந்தன. 1941இல் வடநாட்டுப் பயணத்தில் அவர் காலமானார். ஆறாண்டு கழித்து, 1947 சூனில், அச்சங்கத்தின் ஆதரவில் திருக்கொள்ளம்பூதூர்க் கோயிலில் 'யாழ் நூல்' அரங்கேறிற்று. நூலை வெளியிட்டதும் சங்கமே. அடுத்த மாதமே அடிகள் மறைந்தார். இன்னொரு புரவலரைத் தேடக் காலம் இருந்திராது.

கரந்தையையும் குறையற்றதாகக் காட்ட நான் முற்படவில்லை. அதன் மேடை புலவர் மேடை. பண்டிதரின் மாநாடுகளில் இசைத்தொழிலாளர்க்குக் கிட்டிய இடத்தை அங்கே நாம் காண்பதில்லை. இழப்பு இங்கேதான். விபுலாநந்தர் தம் கணக்கை 22 அலகுகளின்மேல் அமைத்தார். அதாவது, பண்டிதர் ஏழு மாநாடுகளில் எதிர்த்த எண்ணின்மேல். ஒரே ஊர்ச் சங்கங்கள் இரண்டின் வழியே வெளிப்பட்ட இவ்விரு கணக்குகளும், வீணையை மடியில் வைத்திருப்போர் முன்னிலையில் ஒருமுறையேனும் நேர்நின்று வாதிட்டிருக்க வேண்டும். பண்டிதரின் அவை 1947இல் உயிரோடிருந்திருந்தால், 'யாழ் நூலு'க்குரிய முதல் மறுப்பு தஞ்சையிலேயே எழுந்திருக்கும்.