இயங்கு கவசம்: விளையாட்டிலும் மெய்யிலும்

வண்டுக்கும் நண்டுக்கும் எலும்பு வெளியே இருக்கிறது. நமக்கு உள்ளே இருக்கிறது. உயிரியல் பாடத்தில் இதைப் புறச்சட்டகம், அகச்சட்டகம் என்று படித்திருப்போம். மனிதன் தன் உடலுக்கு வெளியே இரும்பினால் இன்னொரு சட்டகத்தை மாட்டிக்கொண்டு, அதை மோட்டாராலோ நீரியல் அழுத்தத்தாலோ இயக்கினால் என்ன? நூறு கிலோ மூட்டையைச் சுமந்துகொண்டு நாள் முழுவதும் நடக்கலாமே! இந்த ஆசை பழையது. ரஷ்யாவைச் சேர்ந்த நிகோலஸ் யாக்ன் 1890-ஆம் ஆண்டிலேயே, நடக்கவும் ஓடவும் குதிக்கவும் துணைபுரியும் கருவி ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார். அமெரிக்க எழுத்தாளர் ராபர்ட் ஹைன்லைன் 1959-இல் வெளியிட்ட ‘ஸ்டார்ஷிப் ட்ரூப்பர்ஸ்’ நாவலில் இயங்கு கவசம் பூண்ட காலாட்படையையே நடமாட விட்டார். அந்தக் கற்பனையின் வழித்தோன்றல்கள் இன்று வீடியோ விளையாட்டுகளில் ஏராளம். அவற்றுள் ஒன்றை இங்கே எடுத்துக்கொண்டு, அதன் அறிவியல் எவ்வளவு தேறுகிறது என்று பார்ப்போம்.

‘கால் ஆஃப் டியூட்டி: அட்வான்ஸ்டு வார்ஃபேர்’ 2014 நவம்பரில் வெளிவந்தது. உருவாக்கியது கலிபோர்னியாவின் ஸ்லெட்ஜ்ஹாம்மர் கேம்ஸ், வெளியிட்டது ஆக்டிவிஷன். இது வயது வந்தோருக்கானது என்று அதன் உறையிலேயே போட்டிருக்கிறது. பள்ளி மாணவர்கள் அதை மதிக்க வேண்டும். விளையாடாதவருக்கும் இதன் இயற்பியல் சுவையானதே.

கதை 2054-இல் தொடங்குகிறது. வட கொரியப் படைகள் சியோல் நகருக்குள் புகுந்துவிட்டன. அமெரிக்கக் கடற்படைக் காலாள் வீரனான ஜாக் மிட்செல் அங்கே தன் நண்பன் வில் அயன்சை இழக்கிறான். தன் இடக் கையையும் இழக்கிறான். வில்லின் தந்தை ஜொனாதன் அயன்ஸ், ‘அட்லஸ்’ என்னும் மாபெரும் தனியார் படை நிறுவனத்தின் தலைவர். மகனின் இறுதிச் சடங்குக்கு வந்த மிட்செலுக்கு அவர் ஒரு வேலையும் தருகிறார், ஓர் இயந்திரக் கையும் தருகிறார். (அயன்சாக வருவது கெவின் ஸ்பேசி என்ற நடிகரின் முகமும் குரலும்.) அந்தச் சடங்கில், மரியாதை செலுத்த இன்ன விசையை அழுத்துக என்று திரையில் எழுத்து வரும். துக்கத்துக்கும் ஒரு பொத்தானா என்று உலகமே சிரித்தது. சிரிக்க வேண்டியதுதான்.

விளையாட்டின் உயிர், வீரர்கள் அணியும் ‘எக்சோ’ என்ற சட்டகம். இது தலை முதல் கால் வரை மூடிய இரும்புக் கூடு அல்ல. சீருடையின் மேல் முதுகுத்தண்டு, இடுப்பு, கால்கள் ஆகியவற்றை ஒட்டி ஓடும் மெல்லிய கம்பி எலும்பு. முழுக்கவசம் பூண்ட பேருருக்களும் ஆங்காங்கே வருவதுண்டு. ஆனால் பெரும்பாலான வீரர்களுக்கு மார்பும் முகமும் திறந்தேதான் இருக்கின்றன. குண்டு பட்டால் சாகிறார்கள். இதை நான் பாராட்டுகிறேன். கவசம் வேறு, சட்டகம் வேறு. எடையைச் சுமக்க உதவும் கருவி உயிரைக் காக்கும் கருவியாகிவிடாது என்ற வேறுபாட்டை இவ்வகைப் படைப்புகள் பலவும் மறந்துவிடுகின்றன.

இனிக் குதிப்பைப் பார்ப்போம். எக்சோ அணிந்தவர் தரையிலிருந்து ஒரு முறை எம்புகிறார்; அந்தரத்தில் இருக்கும்போதே முதுகிலிருந்து ஒரு பீறல் கிளம்ப, இன்னொரு முறை எம்புகிறார். முதல் எம்பலில் குறையில்லை. கால் தரையை உதைக்கிறது, தரை காலை உதைக்கிறது. இரண்டாம் எம்பலுக்கு உதைக்கத் தரை இல்லை. நியூட்டனின் மூன்றாம் விதிப்படி, மேலே போக வேண்டுமானால் எதையாவது கீழே வீசியாக வேண்டும். வீரனும் சட்டகமும் துப்பாக்கியும் சேர்ந்து 120 கிலோ என்று வைத்துக்கொள்வோம். 3 மீட்டர் உயர வினாடிக்கு ஏறக்குறைய 7.7 மீட்டர் திசைவேகம் வேண்டும். உந்தம் 120 × 7.7, அதாவது சுமார் 920 அலகு. அழுத்தி அடைத்த வாயுவை வினாடிக்கு 600 மீட்டர் வேகத்தில் வெளியே பீய்ச்சினால், ஒரு குதிப்புக்கு ஒன்றரைக் கிலோ வாயு தீர்ந்துபோகும். ஓர் ஆட்டத்தில் ஐம்பது முறை குதிப்பது சர்வசாதாரணம். அதற்கு 75 கிலோ வாயுவை முதுகில் கட்டிக்கொள்ள வேண்டும். அதை அடைக்கும் உருளையின் எடை தனி. உருளையைச் சேர்த்தால் 120 கிலோ என்ற கணக்கே உடைந்துவிடும். அப்போது வாயுவும் கூடுதலாக வேண்டும், உருளையும் பெரிதாக வேண்டும். ராக்கெட் கட்டுபவர்களை ஓயாமல் அலைக்கழிக்கும் தொல்லை இதுதான்.

இது வெறும் காகிதக் கணக்கு அன்று. அமெரிக்காவின் பெல் நிறுவனம் முதுகில் கட்டிப் பறக்கும் ‘ராக்கெட் பெல்ட்’ ஒன்றைச் செய்து 1961-இல் மனிதனைப் பறக்க வைத்தது. ஹைட்ரஜன் பெராக்சைடு சிதைந்து நீராவியாகவும் ஆக்சிஜனாகவும் பீறிட்டு ஆளைத் தூக்கியது. பறந்த நேரம் எவ்வளவு தெரியுமா? அதிகபட்சம் 21 வினாடி. ராணுவம் ஆர்வத்தோடு பார்த்தது, கைகுலுக்கியது, வாங்காமல் போய்விட்டது.

ஏறுவதைவிட இறங்குவது பெரும் பாடு. உயரத்திலிருந்து விழுபவர் நிற்கும்போது ஏற்படும் சராசரி எதிர்முடுக்கத்தைக் காண எளிய வழி உண்டு. விழுந்த உயரத்தை, நிற்பதற்கு எடுத்துக்கொண்ட தூரத்தால் வகுத்தால், அது புவியீர்ப்பு முடுக்கத்தைப் போல் எத்தனை மடங்கு என்பது கிடைத்துவிடும். மூன்று மாடி உயரம், 10 மீட்டர். முழங்காலை மடக்கி இறங்கும்போது உடல் தாழும் தூரம் அரை மீட்டர். 10-ஐ 0.5-ஆல் வகுக்க, 20 மடங்கு. எக்சோவின் உலோகக் கால் இதைத் தாங்கட்டும். உள்ளே இருக்கும் ஒன்றரைக் கிலோ ஈரல் அந்தக் கணத்தில் முப்பது கிலோவாக இழுக்கும். மூளையும் மண்டையோட்டுக்குள் அதே பாடு படும். போர் விமானத்திலிருந்து ஆசனத்தோடு வெளியே வீசப்படும் விமானிகள் ஏறக்குறைய இந்த அளவு முடுக்கத்தைச் சந்திக்கும்போது முதுகெலும்பு முறிவதுண்டு. அவர்களோ நிமிர்ந்து உட்கார்ந்து வார்ப்பட்டையால் கட்டப்பட்டவர்கள். சட்டகம் எவ்வளவு வலுவானாலும் அதன் கால் நம் காலைவிட நீளமானதல்ல. எனவே நிற்கும் தூரமும் கூடாது. உலோகத்தை மாற்றி இந்தக் கணக்கிலிருந்து தப்ப முடியாது.

அடுத்தது மின்கலம். இங்கே விளையாட்டு பாதி நேர்மையாக இருக்கிறது. மறைந்து நிற்பது, கேடயம் விரிப்பது, அந்தரத்தில் மிதப்பது போன்ற சிறப்புத் திறன்களுக்கு மின்கல அளவு உண்டு, தீர்ந்தால் தீர்ந்ததுதான். ஆனால் ஓட்டத்துக்கும் குதிப்புக்கும் கணக்கே இல்லை. மளிகைக் கடைக்காரர் ஏலக்காய்க்கு மட்டும் கணக்கு எழுதிவிட்டு அரிசி மூட்டைகளைச் சும்மா தூக்கிக் கொடுப்பது போன்றது இது. ஆற்றலைத் தின்பது கால்கள்தாம். சட்டகத்துக்குச் சராசரி 3 கிலோவாட் திறன் தேவை என்று கொண்டு, கிலோவுக்கு 200 வாட்-மணி தரும் லித்தியம் அயனி மின்கலம் 20 கிலோ கட்டினாலும், ஒரு மணி இருபது நிமிடத்தில் வீரன் இரும்பு மாட்டிய சிலையாகி நிற்பான். பெட்ரோலில் ஆற்றல் பன்மடங்கு அதிகம். ஆனால் முதுகில் எஞ்சின் கட்டிக்கொண்டு, வெப்பமும் இரைச்சலுமாக எதிரியை நோக்கி யார் பதுங்கிப் போவார்?

இரைச்சல் என்றதும் நினைவு வருகிறது. லாகோஸ் நகரப் படலத்தில், ஒரு சிறு கருவியை இயக்கியதும் சுற்றிலும் உள்ள ஒலி முழுவதும் அடங்கிவிடும். கதவை வெடித்துத் திறந்தாலும் சத்தம் வராது. எதிர்க்கட்ட அலையால் ஒலியை அழிக்கலாம் என்பது உண்மையே. காதோடு ஒட்டிய ஹெட்ஃபோனில் அது நடக்கிறது. ஏனெனில் அங்கே அழிக்க வேண்டிய இடம் ஒன்றே. ஓர் அறை முழுவதும், பல மூலங்களிலிருந்து வரும் ஒலியை, ஓரிடத்துக் கருவி ஒன்று அழிக்க முயன்றால், ஒரு மூலையில் ஒலி தேயும், இன்னொரு மூலையில் பெருகும். இந்தக் காட்சி ஆட்டத்தில் மிக அழகானது, அறிவியலில் தேறாது.

‘மாண்டிகோர்’ என்ற உயிரியல் ஆயுதத்தை நான் மன்னிக்கவே மாட்டேன். அது மனிதரின் டி.என்.ஏ.வை அறிந்து, அட்லஸ் பதிவேட்டில் உள்ளவர்களை விட்டுவிட்டு மற்றவர்களைக் கொல்லுமாம். நுண்பொருள் ஒன்று ஆயிரக்கணக்கான பெயர் கொண்ட பதிவேட்டை எங்கே வைத்துக்கொண்டு புரட்டிப் பார்க்கும்? எந்த இரு மனிதரின் டி.என்.ஏ.வும் ஆயிரத்தில் 999 பங்கு ஒத்திருக்கிறது. தம் ஆட்களுக்கு முன்கூட்டியே தடுப்பூசி போட்டுவிட்டார்கள் என்று எழுதியிருந்தால் கதை பிழைத்திருக்கும். ஒரு வரி போதும், அதைச் செய்யவில்லை.

இத்தனை குறை சொன்ன பிறகு ஒரு நிறையைச் சொல்லாவிட்டால் நியாயமாகாது. இத்தொடர் 2003-இல் தொடங்கியது முதல் வீரர்கள் தரையோடு தரையாகவே ஓடினார்கள். இந்த விளையாட்டு மேல்-கீழ் என்ற மூன்றாம் திசையைத் திறந்துவிட்டது. கூரையும் பால்கனியும் போர்க்களமாயின. எல்லாருக்கும் இது பிடிக்கவில்லை. 2017-இல் இதே நிறுவனம் இரண்டாம் உலகப் போருக்குத் திரும்பி, வீரர்களை மறுபடி மண்ணில் இறக்கிவிட்டது. எனக்கு அந்தத் தாவல்தான் பிடித்தது.

மெய்யான சட்டகங்களின் கதை இவ்வளவு துள்ளலாக இல்லை. ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனம் 1965-இல் ‘ஹார்டிமேன்’ என்ற சட்டகத்தைத் தொடங்கியது. எடை சுமார் 680 கிலோ. ஒரு கை மட்டும் 340 கிலோவைத் தூக்கியது. முழு உடலையும் ஒருசேர இயக்கியபோது கட்டுக்கடங்காமல் உதறியதால், உள்ளே ஆளை வைத்து அதை முழுதாக இயக்கவே இல்லை. அணிபவர் அடுத்து என்ன செய்யப்போகிறார் என்பதை இயந்திரம் அறிவதில்தான் சிக்கல். விளையாடுபவருக்கு அச்சிக்கல் இல்லை. அவர் பொத்தானை அழுத்திவிடுகிறார். அமெரிக்கச் சிறப்புப் படைத் தலைமையகம் 2013-இல் ‘டாலோஸ்’ என்ற பெயரில் முழுக்கவசத் திட்டம் ஒன்றை அறிவித்தது. 2019-இல், நினைத்த கவசம் கைகூடாமலே அது முடிந்தது.

போர்க்களத்தில் தோற்ற சட்டகம் வேறிடத்தில் எழுந்து நடந்தது. ஜப்பானின் சுகுபா பல்கலைக்கழகப் பேராசிரியர் யோஷியுகி சங்காய் உருவாக்கிய ‘ஹால்’, அணிபவரின் தோலில் தோன்றும் நுண்ணிய மின்குறிகளைப் படித்து, அவர் எண்ணிய அசைவுக்குத் துணை செய்கிறது. இஸ்ரேலின் அமித் கோஃபர், 1997-இல் விபத்தில் கை கால்கள் செயலிழந்தவர். அவர் கண்டுபிடித்த ‘ரீவாக்’ சட்டகம் இடுப்புக்குக் கீழ் உணர்விழந்தோரை நடக்க வைக்கிறது. ஊன்றுகோல் பிடிக்கக் கை வேண்டுமாதலால் அவராலேயே அதை அணிய முடியவில்லை. அமெரிக்க அரசு அதற்கு ஒப்புதல் அளித்தது 2014 ஜூனில். அதே மாதம் சாவோ பாலோவில் உலகக் கால்பந்துப் போட்டித் தொடக்க விழாவில், கால்கள் செயலிழந்த இளைஞர் ஒருவர் மூளை மின்னலைகளால் இயங்கும் சட்டகத்தை அணிந்து பந்தை உதைத்தார். சில வினாடிக் காட்சி, மெல்லிய உதை. ஐந்து மாதம் கழித்து வெளிவந்த நம் விளையாட்டிலோ சட்டகம் கொல்வதற்கு மட்டுமே பயன்படுகிறது.

ஆயினும் அந்த இயந்திரக் கை இருக்கிறதே, அதில்தான் இந்தக் கதையின் கூர்மை. புதுக் கையோடு மிட்செல் இறங்கும் முதல் பயிற்சியிலேயே அது பழுதாகி நின்றுவிடுகிறது. அட்லசின் தொழில்நுட்பர் உட்கார்ந்து சரிசெய்கிறார். இறுதிப் படலத்தில், அயன்சுக்கு எதிராகத் திரும்பிய மிட்செலும் தோழனும் அவர் எதிரே வந்து நிற்கும்போது, அவர் துப்பாக்கியைத் தூக்கவே இல்லை. அவர்கள் அணிந்திருந்த எக்சோக்களைத் தொலைவிலிருந்தே முடக்கிவிடுகிறார். அவை அவருடைய நிறுவனம் செய்தவைதாமே! மிட்செல் சட்டகத்தைக் கழற்றி எறிந்துவிட்டு வெறும் உடலோடு துரத்துகிறான். கடைசியில் அயன்ஸ் அந்தரத்தில் பற்றித் தொங்குவது தாம் கொடுத்த அதே கையை. மிட்செல் அதை அறுத்து விடுகிறான்.

வாயுக் கணக்கில் தோற்ற கதாசிரியர்கள் இங்கே வென்றார்கள். உடலின் உறுப்பாகிவிட்ட கருவிக்கு உரிமையாளர் யார் என்பது 2054 வரை காத்திருக்கும் கேள்வி அன்று. அமெரிக்காவின் செகண்ட் சைட் நிறுவனம் ‘ஆர்கஸ் 2’ என்ற விழித்திரைக் கருவியைச் செய்தது. பார்வையிழந்த 350-க்கும் மேற்பட்டோரின் கண்ணுக்குள் அது பொருத்தப்பட்டது. 2019-இல் நிறுவனம் அதன் உற்பத்தியை நிறுத்தியது. 2020-இல் நொடித்துப்போகும் நிலைக்கு வந்து ஊழியர்களில் பெரும்பாலோரை அனுப்பியது. பொருத்திக்கொண்டவர்களில் சிலர், தம் கருவி பழுதான பிறகு யாரிடம் போவது என்று தெரியாமல் நின்றார்கள். கருவி மட்டும் அவர்கள் கண்ணுக்குள்ளேயே இருந்தது.