எது காப்பி?

தமிழ் ராப், அமெரிக்கக் கறுப்பர்களைப் பார்த்து அடித்த காப்பின்னு இன்னமும் சொல்றாங்க. சரி, 1973இல் நியூயார்க்கின் பிராங்ஸில் டிஜே கூல் ஹெர்க் என்ன செய்தார்? ஜேம்ஸ் பிரவுன் போன்றோரின் இசைத்தட்டுகளில் டிரம்ஸ் தனித்து ஒலிக்கும் இடத்தைப் பிடித்து நீட்டினார். ஹிப் ஹாப்பே ஏற்கெனவே இருந்த பாட்டிலிருந்து பிறந்ததுதான்.

2006இல் யோகி பி & நட்சத்ரா 'வல்லவன்' ஆல்பத்துக்கு இளையராஜாவின் 'மடை திறந்து' பாடலை எடுத்ததும் அதே வழியில்தான். மேருவில் எங்க வீட்டில் ஓடியதும் ராஜா பாட்டுதானே! 'நிழல்கள்' (1980) படத்தில் அது வாய்ப்புக்காக ஏங்கும் இசைக்கலைஞனின் கனவு. மேடை தேடிய மலேசியப் பசங்களுக்குக் கச்சிதமாகப் பொருந்தியது.

இப்போ சிலர் பழைய பல்லவியை வெட்டி ஒட்டுவதோடு சரி. ஏன் இந்தப் பாட்டு என்று கேட்டால் பதில் இல்லாத ராப்பைத்தான் நான் காப்பி என்பேன்.