பட்டிக்கு அடியில் கான்டெஸா

பழைய கார் விற்பவர்களிடம் ஒரு வசனம் உண்டு: "இது சென்னை வண்டி இல்ல சார், வேலூர் வண்டி. கடற்காத்தே படாதது." வாங்க வந்தவரும் தலையாட்டிவிடுவார். வேலூர் என்றால் வெயில், வெயில் ஊரில் துரு ஏது என்பது பொதுவான நம்பிக்கை. டி.என். 23 என்று தொடங்கும் நம்பர் பிளேட்டே பாதி விலையைப் பேசி முடித்துவிடுகிறது. ஆனால் ராணிப்பேட்டை, மேல்விஷாரம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என்று நீளும் தோல் பதனிடும் ஊர்களில் இந்த நம்பிக்கை செல்லாது. இங்கே உப்பு கடலிலிருந்து வருவதில்லை, லாரியில் வருகிறது.

பச்சைத் தோல் அழுகாமல் இருக்க அதன் எடையில் ஏறக்குறைய 40 சதவீதம் உப்பு போடுவார்கள். டேனரிக்கு வந்ததும் உதறிய உப்பு முற்றத்தில் கிடந்தது, கழுவிய உப்பு நிலத்தில் இறங்கியது. வேலூர் சிட்டிசன்ஸ் வெல்ஃபேர் ஃபோரம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு, டேனரி வட்டாரத்தில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாதியாகவோ முழுதாகவோ சாகுபடிக்கு உதவாமல் போனதைப் பதிவு செய்கிறது. பயிரைக் கருக்கிய அதே நிலத்தடி நீரைப் பீய்ச்சித்தான் அந்தக் காலத்துக் கார்களையும் கழுவினார்கள். துடைத்த இடம் மின்னியது. துணி எட்டாத இடத்தில், அதாவது கதவின் அடிமடிப்பிலும் தரைத் தகட்டின் இடுக்கிலும், தண்ணீர் காய்ந்து உப்பு தங்கியது. குளோரைடு இருக்கும் இடத்தில் இரும்பு அரிப்பது விரைவு. உருவாகும் துரு, தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைப்பதால், இரண்டு தகடுகள் ஒட்டிய இடத்தை உள்ளிருந்தே பிளக்கிறது. வெளியே பெயின்ட் கொப்பளிக்கும்போது உள்ளே வேலை முடிந்திருக்கும்.

இதை இவ்வளவு விரிவாகச் சொல்வதற்குக் காரணம், இப்பகுதி ஷெட்டுகளில் தார்ப்பாய் போர்த்திக் கிடக்கும் கான்டெஸாக்களுக்கும் அம்பாசிடர்களுக்கும் திடீரென்று கிராக்கி வந்திருப்பது. அப்பாவின் வண்டியை மகன் எடுத்து ஓட்ட நினைக்கிறார். அப்பாவிடம் வண்டியே இல்லாதவரும் அப்படி ஒன்றைத் தேடி அலைகிறார். "இதை எடுத்துச் செய்யலாமா, விட்டுவிடலாமா?" என்ற கேள்விக்கு நம் ஒர்க் ஷாப்புகளில் கிடைக்கும் விடை பெரும்பாலும் ஒன்றுதான்: "எஞ்சின் சுத்துதா? அப்ப பண்ணிடலாம்." அந்த விடைதான் தவறான இடத்தில் தொடங்குகிறது.

கான்டெஸாவை 'இந்திய மசில் கார்' என்பார்கள். அமெரிக்காவில் அந்தப் பெயருக்கு உரிய வண்டிகளின் தொடக்கமாகச் சொல்லப்படும் 1964-ம் ஆண்டு பான்டியாக் ஜி.டி.ஓ.வில் 6.4 லிட்டர் வி-8 எஞ்சின் இருந்தது, 325 குதிரைத்திறன். நம் கான்டெஸா, பிரிட்டனில் 1972-ல் வந்த வாக்ஸ்ஹால் விக்டரின் உடலை எடுத்து, இந்துஸ்தான் மோட்டார்ஸ் 1984-ல் இறக்கிய வண்டி. நீண்ட பானட், இடுப்பில் வளைந்த பக்கவாட்டு என்று தோற்றம் மட்டும் பயில்வான். பானட்டைத் திறந்தால் அம்பாசிடரின் அதே 1489 சி.சி. எஞ்சின், 50 குதிரைத்திறனுக்குச் சற்று முன்பின். பின்னால் வந்த 1.8 லிட்டர் இசுசு எஞ்சின்தான் அந்த உடம்புக்கு ஓரளவு நியாயம் செய்தது. 2002-ல் உற்பத்தி நின்றது. என்றாலும் 80-களில் வசதியானவர் வீட்டு வாசலில் நின்ற நீளமான இந்தியக் கார் என்ற நினைவு போகவில்லை. அந்த நினைவுக்குத்தான் இன்று விலை.

நம் ஊர்ச் செய்முறையின் பலத்தை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த 1489 சி.சி. எஞ்சினைக் கண்ணை மூடிக்கொண்டு பிரித்து மாட்டக்கூடிய மெக்கானிக்குகள் இன்னும் இருக்கிறார்கள். அம்பாசிடர் 2014 வரை உற்பத்தியில் இருந்ததால் அதற்கான சாமான்கள் சென்னை புதுப்பேட்டையில் தேடினால் அகப்படும். போர் அடிக்கவும் கிராங்க் கடையவும் லேத் பட்டறைகள் உண்டு. தகரத்தை மரக்கட்டை மேல் வைத்துத் தட்டியே ஃபெண்டரின் வளைவைக் கொண்டுவரும் டிங்கர்கள் உண்டு. அமெரிக்காவில் இந்தக் கைவேலை கட்டுப்படியாகாது. அதனால் அங்கே 60-களின் மஸ்டாங்குக்கு முழு உடற்கூட்டையே புதிதாக அச்சடித்து விற்கிறார்கள். துரு தின்ற பகுதியை வெட்டி எறிந்துவிட்டு, வாங்கிவந்து ஒட்டலாம். நமக்குப் புதுத் தகடு கிடையாது, கை இருக்கிறது.

தையலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஐரோப்பியக் கால்களுக்கு ஷூ தைத்து அனுப்பும் ஊர் ஆம்பூர். ஒரு சீட்டுக்கு உறை தைப்பது இங்குள்ள கைகளுக்குப் பெரிய வேலை இல்லை. கான்டெஸா கம்பெனியிலிருந்து வெளிவந்தபோது இருந்த உறையைவிடப் பல படி உயர்ந்த தோலை, ஏற்றுமதித் தரத்தில், ஊரிலேயே வாங்கிப் போட முடியும்.

குறையும் அங்கேதான் ஆரம்பிக்கிறது. கைக்கு எளிதான வேலையும் கண்ணுக்கு நிறைவான வேலையும் முதலில் நடந்துவிடுகின்றன. எஞ்சினை ஓடவிட்டாயிற்று, தோல் சீட் போட்டாயிற்று, நிறமும் அடித்தாயிற்று. பணம் முக்கால்வாசி தீர்ந்த பிறகு, ஒரு மழை நாளில் கால்மிதியை எடுத்துப் பார்த்தால் கீழே ரோடு தெரிகிறது. அப்போது யாரும் வண்டியை மறுபடி பிரிப்பதில்லை. அரித்த இடத்தின் மேலேயே ஒரு தகரத்துண்டை வைத்து கேஸ் வெல்டிங் அடித்து, தார் பூசி, கார்ப்பெட் விரித்துவிடுகிறார்கள். பக்கவாட்டில் பட்டி பார்த்துத் தேய்த்து வழவழப்பாக்குகிறார்கள். அடியில் துரு தன் வேலையைத் தொடர்கிறது. இரண்டே மழைக்காலம், கதவோரத்தில் கொப்புளம்.

இந்த ஏமாற்றைப் புரிந்துகொள்ள ஆம்பூர்க்காரருக்கு வெளி உதாரணம் வேண்டாம். டேனரியில் செலக்‌ஷன் பார்ப்பவர் ஃபினிஷிங் முடிந்த தோலை நம்பித் தரம் பிரிப்பதில்லை. கீறலும் உண்ணிக்கடித் தழும்பும் வெளிப்படையாகத் தெரியும், பதனிட்டு இன்னும் நிறம் ஏற்றாத வெட் புளூ நிலையிலேயே புரட்டிப் பார்த்து, எது எந்தத் தரம் என்று ஒதுக்கிவிடுகிறார். மேற்பரப்பைத் தேய்த்து நிறம் ஏற்றிவிட்டால் மட்டமான தோலும் நல்ல தோல்போலத் தெரியும் என்பது அவருக்குத் தெரியும். இவ்வளவு கூர்மையான கண் உள்ள ஊர், கார் என்று வரும்போது மட்டும் ஃபினிஷிங்கைப் பார்த்து மயங்குவதுதான் எனக்குப் புரியவில்லை.

ஜீப்பாக இருந்தால் இந்தக் கவலை இவ்வளவு தேவையில்லை. அதற்குத் தனிச் சட்டம் (சேஸி) உண்டு, மேலே இருக்கும் உடம்பைக் கழற்றி மாற்றலாம். அம்பாசிடருக்கும் கான்டெஸாவுக்கும் அப்படித் தனிச் சட்டம் இல்லை. தரைத் தகடு, கதவுக்குக் கீழே நீளவாக்கில் ஓடும் பெட்டி, குறுக்குத் தாங்கி, கூரைத் தூண் எல்லாம் சேர்ந்துதான் வண்டியின் எலும்பு. அம்பாசிடரின் முன்சக்கரங்களைத் தாங்கும் முறுக்குக் கம்பிகளின் பின்முனை தரைக்கு அடியில்தான் பிடித்திருக்கிறது. பின் பட்டைவில்லின் முனைகளும் உடற்கூட்டிலேயே தொங்குகின்றன. அந்த இடங்கள் அரித்துப்போன வண்டியில் எஞ்சின் எவ்வளவு இனிமையாகச் சுற்றினாலும் என்ன பயன்? எஞ்சினைப் பிரித்துச் செய்வது சில வாரத்து வேலை, செலவையும் முன்கூட்டியே மதிப்பிட்டுவிடலாம். உடற்கூட்டு வேலை அப்படியல்ல. ஒரு துளையைத் தேடி வெட்டினால் மூன்று துளை தெரியும். எந்த டிங்கரும் முதல் நாளே சரியான தொகை சொல்ல முடியாது. சொன்னால் நம்ப வேண்டாம்.

கையால் தட்டிச் செய்யும் தகட்டுக்கும் ஓர் எல்லை உண்டு. ஃபெண்டரும் கதவின் வெளித்தகடும் கைவேலைக்கு அடங்கும். எலும்பாக நிற்கும் பெட்டிகளை, அளவுச் சட்டத்தில் பூட்டாமல், வண்டியை ஜாக்கியில் நிறுத்திவைத்தே வெட்டி ஒட்டினால் உடம்பு திருகிக்கொள்ளும். நான்கு கதவும் நான்கு விதமாக மூடும், முன்கண்ணாடி சட்டத்தில் உட்காராது. கான்டெஸாவின் முன்கண்ணாடி உடைந்து மாற்றுக் கண்ணாடிக்கு அலைந்தவர்களைக் கேட்டால் தெரியும். எஞ்சின் சாமான் அம்பாசிடர் தயவில் கிடைத்துவிடும். கண்ணாடி, ஓரப்பட்டை, விளக்குச் சட்டம், டேஷ்போர்டு ஆகியவை இன்னொரு கான்டெஸாவிடமிருந்துதான் வர வேண்டும்.

தகரத்துக்கு அடுத்தது காகிதம். இதையும் நம்மவர்கள் கடைசியில்தான் பார்க்கிறார்கள். தனியார் காரின் பதிவு 15 ஆண்டுக்கு. பிறகு ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்க வேண்டும். 2022 ஏப்ரலில் புதுப்பிப்புக் கட்டணம் ரூ.5,000 ஆனது. 2025 ஆகஸ்டில் 20 ஆண்டு கடந்த கார்களுக்கு ரூ.10,000 என்று உயர்ந்தது. கடைசியாக வெளிவந்த கான்டெஸாவே 20 வயதைத் தாண்டிவிட்டது. பல வருடம் ஷெட்டில் கிடந்த வண்டிக்குத் தாமத அபராதமும் சேரும். உரிமையாளர் இறந்து, வாரிசுகள் மூன்று ஊரில் இருந்தால், டிங்கர் வேலையைவிட ஆர்.சி. வேலை நீளும். வண்டிக் கடன் எப்போதோ அடைந்திருக்கும், ஆர்.சி.யில் வங்கியின் பெயர் மட்டும் அப்படியே நிற்கும். டெல்லியில் 15 ஆண்டு கடந்த பெட்ரோல் கார்களுக்குக் கட்டுப்பாடு வந்ததால் அங்கிருந்து மலிவாக இறங்கும் வண்டிகளில் தடையில்லாச் சான்று இருக்கிறதா என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

வின்டேஜ் பதிவு என்று ஒரு வழி இருக்கிறதே என்பார்கள். மத்திய அரசு 2021 ஜூலையில் வெளியிட்ட விதிப்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்த வண்டிக்கே அது. கட்டணம் ரூ.20,000, செல்லுபடி 10 ஆண்டு, நம்பரில் 'வி.ஏ.' என்ற எழுத்துகள். கண்காட்சி, பேரணி, பெட்ரோல் போடுதல், பழுதுபார்த்தல் போன்றவற்றுக்குத் தவிர சாலையில் வழக்கமாக ஓட்டக்கூடாது. முதல் கான்டெஸாவே 2034-ல்தான் அந்த வரிசையில் நிற்க முடியும். 70-களின் தொடக்கத்து மார்க்-2 அம்பாசிடருக்கு இப்போதே தகுதி உண்டு. ஆனால் உடற்கூடு, சட்டம், எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்திருக்கக்கூடாது என்பது நிபந்தனை. நம் பட்டறைகளின் செல்ல யோசனையான "வேற டீசல் எஞ்சின் ஒண்ணு தூக்கி வச்சிடலாம்" என்பது இங்கே கதவைச் சாத்திவிடுகிறது. சாதாரணப் பதிவிலும் அது வில்லங்கம்தான். உற்பத்தியாளர் குறித்த அடிப்படை விவரங்களிலிருந்து வண்டியை மாற்றக்கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியிருக்கிறது. ஒன்று சொல்ல வேண்டும்: அசல் தன்மையைக் காப்பாற்றியவருக்குப் பரிசு தரும் இந்த விதியை நான் நல்ல விதி என்றே நினைக்கிறேன். 50 வயதுக்கும் 20 வயதுக்கும் இடையே நிற்கும் வண்டிகளை அது கண்டுகொள்ளாமல் விட்டதுதான் குறை.

அபூர்வம் என்பதாலேயே ஒரு வண்டியைச் செய்துவிட வேண்டும் என்பதும் சரியில்லை. சென்னையின் ஸ்டாண்டர்டு மோட்டார்ஸ் 1985-ல் ரோவரின் அழகான உடம்புக்குள் பழைய எஞ்சினை வைத்து ஸ்டாண்டர்டு 2000 என்று விற்றது. சில ஆண்டுகளிலேயே நின்றுபோனது. இன்று அது கான்டெஸாவைவிட அபூர்வம். அபூர்வம் என்றால் சாமான் கிடைக்காது என்றுதான் பொருள்.

முதலீடு என்று சொல்லிக்கொண்டு இறங்குபவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. முழுதாகப் பிரித்துச் செய்த கான்டெஸாவில் போட்ட பணம் விற்கும்போது திரும்புவது அரிது. ஐந்து ஆண்டு கடந்த வண்டியின் காப்பீட்டு மதிப்பு கம்பெனியும் உரிமையாளரும் பேசி ஒத்துக்கொள்ளும் தொகை. அதைச் செலவுக்கு நிகராக ஏற்றிவாங்காவிட்டால் ஒரு விபத்தில் எல்லாம் போகும். ஆசைக்குச் செய்கிறேன் என்பவரிடம் எனக்கு மறுப்பு இல்லை. ஆசைக்குச் செய்பவர் கணக்கை நேர்மையாகப் போடுவார், அவசரப்படவும் மாட்டார்.

ஆகவே என் தீர்ப்பு இது. ஆர்.சி. நேராக இருந்து, தரையும் கதவடிப் பெட்டியும் தூண்களும் உறுதியாக இருந்தால், எஞ்சின் இறுகிப்போயிருந்தாலும் அந்த வண்டியைச் செய்யலாம். ஃபெண்டரும் கதவும் ஓட்டையாக இருந்தாலும் செய்யலாம். எலும்பு அரித்திருந்தால், எஞ்சின் முதல் சுற்றிலேயே பிடித்துக்கொண்டாலும் விட்டுவிட வேண்டும். விட்டுவிடுவது என்றால் எடைக்குப் போடுவது அல்ல. அதன் கண்ணாடி, விளக்கு, கியர்பாக்ஸ், ஓரப்பட்டை எல்லாம் பத்திரமாகக் கழன்று, எலும்பு நன்றாக உள்ள இன்னொரு கான்டெஸாவுக்குப் போகட்டும். இரண்டு அரைகுறை வண்டிகளை ஓட்டுவதைவிட ஒரு முழு வண்டி மேல். தோல் சீட்டும் தப்பில்லை, ஆனால் வேலைகளில் கடைசியாக வரட்டும். பழைய உறையையும் சட்டத்தையும் தூக்கி எறியாமல் சுருட்டி வைத்திருந்தால் பின்னால் வாங்குபவர் வாழ்த்துவார்.

வண்டி பார்க்கப் போகிறவர் ஒரு காந்தமும் ஒரு திருப்புளியும் கொண்டுபோங்கள். பட்டி இருக்கும் இடத்தில் காந்தம் ஒட்டாது. கால்மிதியைத் தூக்கித் தரையை உள்ளிருந்தும் அடியிலிருந்தும் திருப்புளியால் குத்திப் பாருங்கள். கதவடிப் பெட்டியை ஒட்டிய தூக்குமுனையில் ஜாக்கி வைத்து மெல்ல ஏற்றி, அந்த நிலையில் கதவைத் திறந்து மூடச் சொல்லுங்கள். கதவு இடித்தால் உதிரிபாகத்துக்கு மட்டும் விலை பேசுங்கள். இதற்கெல்லாம் சம்மதிக்காத விற்பனையாளரிடம் டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிடுங்கள்.