அறுந்தால் கவ்வும் நூல்

கைநூற்புப் பயிற்சியின் முதல் நாள் தக்ளி என்னைப் பாடாய்ப் படுத்தியது. ஒரு கம்பி, அடியில் சின்ன வட்டத் தட்டு, அவ்வளவுதான். விரலால் சுண்டினால் கிர்ரென்று சுழலும். இடக்கைப் பஞ்சுப்பட்டையிலிருந்து இழை நீள வேண்டும். எனக்கோ புழுபுழுவாய்த் தடித்து, பட்டென்று அறுந்தது. சொல்லிக்கொடுத்த அம்மா சிரிக்கவில்லை. "இறுக்காதீங்க தம்பி, பஞ்சு தானா வரும்" என்றார். அறுந்த முனையைப் பஞ்சின்மேல் வைத்துச் சுழற்றினால் முடிச்சே இல்லாமல் கவ்விக்கொள்கிறது! அதைப் பார்க்கவே இரண்டு முறை வேண்டுமென்றே அறுத்தேன்.

மூன்றாம் நாள் மாலை, பிடி சற்றுத் தளர்ந்தபோது, முழ நீளத்துக்கு ஓர் இழை வந்தது. மேடும் பள்ளமுமாகத்தான். அந்த இழையைத் தளர்த்திப் பிடித்தால், உள்ளிருக்கும் முறுக்கில் சுருண்டு தன்னையே பின்னிக்கொள்கிறது.