அமாவாசைக் காதல்

பேய்க் காதல் கதைகளை ஒதுக்கித் தள்ளுவது விமரிசகர்களுக்குச் சுலபமான காரியம். ஏராளமான பேர் ஆவலோடு படிக்கிற ஒரு புஸ்தகத்தை ஒரே வாக்கியத்தில் தீர்த்துக் கட்டிவிட்டால் தங்கள் ரஸனைக்கு ஒரு படி உயர்வு என்று அவர்களுக்கு நினைப்பு. அமெரிக்க ஆசிரியை ஸ்டெஃபனி மேயர் 2006-இல் வெளியிட்ட ‘நியூ மூன்’ நாவலுக்கு இந்த மரியாதை நிறையவே கிடைத்திருக்கிறது. நியூ மூன் என்றால் அமாவாசை. 2005-இல் ‘ட்வைலைட்’ என்று ஆரம்பித்து 2008 வரையில் நான்கு பாகங்களாக வந்த கதையில் இது இரண்டாவது. இதில் வேகம் சீராக இல்லை என்கிறார்கள், வாஸ்தவம். ஆனால் மெதுவாகப் போகிற பகுதிதான் குறை என்கிறார்களே, நாவல் எழுதுகிறவன் என்ற முறையில் அதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

வாஷிங்டன் மாகாணத்தில் மழை ஓயாத ஃபோர்க்ஸ் என்ற சிற்றூர். அங்கே பெல்லா என்கிற பெண் எட்வர்டைக் காதலிக்கிறாள். அவன் ரத்தம் குடிக்கும் காட்டேரி இனத்தவன். மனித ரத்தத்தைத் தொடுவதில்லை என்று அவன் குடும்பத்துக்கு ஒரு விரதம். 1918-இல் இன்ஃப்ளூயன்ஸா ஜுரத்தில் சாகக் கிடந்தவனைக் காட்டேரியாக்கிப் பிழைக்க வைத்தார்கள். அன்று முதல் அவனுக்கு வயசு பதினேழு.

நாவல் ஆரம்பிக்கிற அன்று பெல்லாவுக்குப் பதினெட்டு வயசு பிறக்கிறது. ஒரு கனவு காண்கிறாள். எதிரே பாட்டி நிற்கிறாள். பார்த்தால் அது பாட்டியல்ல, கண்ணாடியில் தெரியும் கிழவி தானேதான். பக்கத்தில் மாறாத பதினேழு வயசோடு அவன். நல்ல ஆரம்பம். காலம் ஓடுகிற ஒருத்திக்கும் காலம் நின்றுவிட்ட ஒருவனுக்கும் காதல் ஏற்பட்டால் பயம் எங்கே இருக்கும் என்று ஆசிரியை சரியாகக் கண்டுகொண்டிருக்கிறார். அது கோரைப் பல்லில் இல்லை.

பிறந்த நாள் பரிசைப் பிரிக்கும்போது காகிதம் அவள் விரலை அறுக்கிறது. ரத்தத்தைக் கண்டதும் எட்வர்டின் சகோதரன் ஒருவன் வெறிகொண்டு பாய்கிறான். தங்களால் இவளுக்கு ஆபத்து என்று நினைத்த எட்வர்ட், காதல் இல்லை என்று பொய் சொல்லிவிட்டு ஊரை விட்டே போய்விடுகிறான்.

அதற்கப்புறம் அக்டோபர், நவம்பர், டிசம்பர், ஜனவரி என்று மாதத்தின் பெயரை மட்டும் அச்சிட்ட நான்கு பக்கங்கள். வேறொன்றும் கிடையாது. இது வெறும் வேடிக்கை என்று சிலருக்குத் தோன்றலாம். துக்கத்துக்கு உவமை தேடித் தேடிக் கொட்டுவதைவிட இது எவ்வளவோ மேல் என்பது என் அபிப்பிராயம். ஆனால் அந்த மௌனத்தை ஆசிரியையே முழுக்க நம்பவில்லை. நெஞ்சில் ஓட்டை விழுந்துவிட்டது என்று பெல்லா பிறகு திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். முதல் தடவைக்கு மேல் அது காதில் ஏறவில்லை.

ஜேக்கப் இப்போது வருகிறான். பதினாறு வயசுப் பையன். லா புஷ் கடற்கரையில் வாழும் குவிலியூட் குடியைச் சேர்ந்தவன். (குவிலியூட் மக்கள் கற்பனையல்ல, அங்கே இன்றும் வாழ்கிறவர்கள். ஓநாய்களிலிருந்து தோன்றியதாக அவர்கள் சொல்லும் பழங்கதையை வைத்துத்தான் ஆசிரியை ஓநாயாக மாறும் வாலிபர்களைப் படைத்துக்கொண்டார். பிறர் குலக்கதையை இவ்வளவு தாராளமாக எடுத்துக்கொள்ளலாமா என்பது தனியே பேசவேண்டிய விஷயம்.) ஆபத்தில் இறங்கினால் எட்வர்டின் குரல் காதில் கேட்பதாகப் பெல்லாவுக்கு ஒரு பிரமை. அதற்காகவே, யாரோ வேண்டாமென்று போட்டுவிட்ட இரண்டு மோட்டார் சைக்கிள்களை ஜேக்கப்பிடம் கொண்டுவருகிறாள். கொட்டகையில் அவன் நாள் கணக்கில் அவற்றைப் பிரித்துப் பூட்டுகிறான். இவள் பக்கத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கிறாள். யாருக்கு வயசு அதிகம் என்று விளையாட்டாகக் கணக்குப் போடுகிறார்கள். இன்ன திறமைக்கு இத்தனை வயசு கூட்டு என்று பேரம் நடக்கிறது.

கதை நகரவில்லை என்று வாசகர்கள் முணுமுணுப்பது இங்கேதான். கிழவியாகிவிடுவோம் என்று கனவில் நடுங்கிய பெண் இப்போது வயசை வைத்து விளையாடுகிறாள். இதைவிட ஒரு கதை என்ன நகரவேண்டும்? போனவனின் குரலைத் தேடி வந்த இடத்தில், இருக்கிறவனுடைய குரலை அவள் கேட்க ஆரம்பித்துவிட்டாள். அது ஒரு நாளில் நடக்கிற காரியமல்ல; ஆசிரியை அவசரப்படாதது சரி.

ரோமியோ ஒரேயடியாகப் போய்விட்டிருந்தால், பாரிஸ் ஜூலியட்டுக்கு உற்ற தோழனாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பெல்லா ஓரிடத்தில் யோசிக்கிறாள். புஸ்தகத்தில் எனக்கு மிகவும் பிடித்த எண்ணம் அது. முக்கோணக் காதல் என்றால் மூன்றாவது ஆளும் ஜெயிக்கக்கூடும் என்று வாசகன் ஒரு கணமாவது நம்பவேண்டும். நான் நம்பினேன். சமையலறையில் ஜேக்கப் அவளை முத்தமிட நெருங்குகிறான். டெலிபோன் மணி அடிக்கிறது. அவள் தகப்பனார் ஈமச் சடங்கில் இருப்பதாக ஜேக்கப் பதில் சொல்லிவிட்டு வைத்துவிடுகிறான். இறந்தது அவருடைய நண்பர். மறுமுனையில் பேசியது எட்வர்ட். பெல்லா பாறை உச்சியிலிருந்து கடலில் குதித்துவிட்டதாகக் கேள்விப்பட்டிருந்தவன், சடங்கு அவளுக்குத்தான் என்று முடிவு கட்டிவிடுகிறான்.

அப்புறம் ஒரே ஓட்டம். ஆகாய விமானம், திருட்டுக் கார், இத்தாலியில் வோல்தெர்ரா நகரம். நடுப்பகல் வெயிலில் எட்வர்ட் வெளியே வந்தால் உடம்பு மின்னி ரகசியம் உடைந்துவிடும். அந்தக் குற்றத்துக்காகக் காட்டேரி அரசர்கள் அவனைக் கொன்றுவிடுவார்கள். சாவதற்கு அவன் தேர்ந்தெடுத்த வழி அது. மணிக்கூண்டு பன்னிரண்டு அடிப்பதற்குள் பெல்லா போய்ச் சேரவேண்டும். விறுவிறுப்பு இல்லை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் இந்த ஓட்டத்தில் தப்பிப் பிழைத்தது எட்வர்ட் மட்டுமல்ல, ஆசிரியையும்தான். மணி அடிக்காவிட்டால் சமையலறையில் பெல்லா என்ன செய்திருப்பாள் என்பதை அவர் எழுதவேண்டியிராமல் போயிற்று.

ஊர் திரும்பியபின் நீளமான சமாதானங்கள், அவளைக் காட்டேரியாக்கலாமா என்று குடும்பத்தில் ஓட்டெடுப்பு, கல்யாணப் பேச்சு. எனக்குச் சலிப்புத் தட்டியது இங்கேதான், கொட்டகையில் அல்ல. கடைசியில் ஜேக்கப் மோட்டார் சைக்கிளை அவள் வீட்டில் கொண்டுவந்து நிறுத்திவிடுகிறான், அவள் தகப்பனார் கண்ணில் படட்டும் என்று. பெண்ணை அவர் வெளியே விடாவிட்டால் மற்றவனைப் பார்க்க முடியாதல்லவா? பதினாறு வயசுக்குத் தகுந்த யுக்தி. இருவரும் பக்கத்தில் பக்கத்தில் இருந்து உருவாக்கிய வண்டி அது. இத்தாலிக்கு அத்தனை பக்கங்கள் கொடுத்தவர், அந்த வண்டியைப் பார்த்ததும் பெல்லாவின் மனசில் என்ன ஓடியது என்பதற்கு இன்னும் இரண்டு பக்கம் கொடுத்திருக்கலாம்.