கொண்டுபோய் விடுங்கள்: உடன்போக்கும் ஆண்டாளின் பன்னிரண்டாம் திருமொழியும்

"அவங்க எங்க தங்குனாங்க மேம்?"

குறுந்தொகையின் ஏழாம் பாடலை நடத்திக்கொண்டிருந்தேன். வில் ஏந்தியவன் காலில் கழல், அவனோடு நடப்பவளின் மெல்லிய அடிகளில் இன்னும் கழற்றப்படாத சிலம்பு. வழியில் எதிர்ப்பட்டவர்கள் அந்த இருவரையும் பார்த்து இரங்குகிற பாடல் அது. சிலம்பு கழி நோன்பு நடக்கவில்லை, ஆகவே அவளுக்கு மணமாகவில்லை என்று விளக்கி முடித்தபோது கடைசி பெஞ்சிலிருந்து இந்தக் கேள்வி வந்தது. வகுப்பு சிரித்தது. அகப்பாடலில் அப்படியெல்லாம் கேட்கக் கூடாது, அது புலனெறி வழக்கு என்று நானும் பாடப்புத்தகப் பதிலைச் சொன்னேன். அவள் உட்கார்ந்துவிட்டாள்.

அன்று மற்றவர்களிடம் ஒரு கேள்வி கேட்டேன்: அந்தப் பெண்ணின் இடத்தில் நீங்கள் இருந்தால் எங்கே போவீர்கள்? கொடைக்கானல் என்று நாலைந்து குரல்கள் ஒன்றாகச் சொல்லின. எங்கள் மாவட்டத்துப் பெண்களுக்கு மேற்குத்தொடர்ச்சி மலை தினமும் கண்ணில் படுவதுதான். ஆனால் போக நினைக்கும் மலை சினிமாப் பாட்டில் பார்த்த மலை. மூடுபனி, ஏரி, சைக்கிள். அங்கே நம்மைத் தெரிந்தவர் யாரும் இருக்க மாட்டார்கள் என்பதும் அந்த அழகில் ஒரு பகுதி. சங்கப் பாட்டில் இது தலைகீழ். மலை அவள் பிறந்த இடம். குறிஞ்சியில் தொடங்கிய காதலுக்காக மலையை விட்டு இறங்கிப் பாலை வழி நடப்பதுதான் உடன்போக்கு. சினிமாவில் மலையில் பாட்டு முடிந்ததும் காட்சி மாறிவிடும். அறை வாடகை யார் கொடுத்தார்கள், லாட்ஜில் என்ன அடையாள அட்டை காட்டினார்கள் என்று எந்தப் பாட்டும் சொல்வதில்லை. கடைசி பெஞ்சுப் பெண் கேட்டது அதைத்தான்.

சில வாரம் கழித்து அவள் துறைக்கு வந்தாள். பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ்களை உங்களிடம் கொடுத்து வைக்கலாமா என்று கேட்டாள். ஏன் என்றேன். "வீட்ல வெள்ளையடிக்கிறாங்க மேம்." அவள் அம்மா பட்டாசு ஆபீஸுக்குப் போகிறவர். விடியுமுன் வண்டி வந்துவிடும். வெள்ளையடிக்க அந்த வீட்டில் யாருக்கும் நேரம் இல்லை என்பது எனக்குத் தெரியும். "பத்திரமா வீட்லயே வச்சுக்கோப்பா" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். உடன்போக்கில் முனைவர் பட்ட அளவுக்குப் படித்தவள், ஒரு உடன்போக்கின் முதல் ஏற்பாடு என் மேசைக்கு வந்தபோது கதவைச் சாத்தினேன். படிப்பு முடிந்த அடுத்த மாதம் அவள் கல்யாணப் பத்திரிகை வந்தது. மாப்பிள்ளை வீட்டார் பார்த்தது. மேலே ஆண்டாள் படம் அச்சிட்டிருந்தார்கள்.

இந்தக் கட்டுரையை அந்தக் கேள்வியிலிருந்துதான் எழுதுகிறேன்.

உடன்போக்குப் பாடல்களில் பேசுவது யார்? ஐங்குறுநூற்றில் ஓதலாந்தையார் பாடிய பாலையின் கடைசி முப்பது பாடல்களை எடுத்துக்கொள்ளலாம். முதல் பத்து மகளைப் போக்கிய தாயின் புலம்பல். அடுத்த பத்து இடைவழியில் சொல்லப்படுபவை. கடைசிப் பத்து மறுதரவு, அதாவது திரும்பி வருதல். குறுந்தொகை 44இல் தேடித் தேடிக் கால் ஓய்ந்து, பார்த்துப் பார்த்துக் கண் ஒளி மங்கிப் பேசுகிறவள் செவிலி. அதைப் பாடியவர் வெள்ளிவீதியார், ஒரு பெண். அவரும் குரலைச் செவிலிக்குத்தான் கொடுத்தார். போனவள் போன பிறகு, இழந்தவர்களின் வாயால் சொல்லப்படுவதாகவே உடன்போக்கு நமக்குப் பெரும்பாலும் வந்திருக்கிறது. அவள் திட்டமிட்ட இரவு, எடுத்து வைத்தது, விட்டுவிட்டது ஆகியவை பாடலுக்கு வெளியே நின்றுவிடுகின்றன.

விதிவிலக்காக நற்றிணையின் பன்னிரண்டாம் பாடல் இருக்கிறது. பாடியவர் கயமனார். விடியற்காலை, தயிர் கடையும் மத்தின் ஓசை கேட்கிற நேரம். பெண் யார் கண்ணிலும் படாமல் ஒளிந்து வந்து, காலில் இருக்கும் பரல் சிலம்பைக் கழற்றித் தன் பந்தோடு சேர்த்து வைக்கிறாள். சிலம்பு சத்தம் போட்டுக் காட்டிக்கொடுத்துவிடும். வைத்த பிறகு, இவற்றைப் பார்க்கும்போதெல்லாம் என் தோழியர் வருந்துவார்களே என்று நினைக்கிறாள். அவள் மனம் போகத்தான் நிற்கிறது, ஆனால் அவள் வசத்தில் இல்லாமல் கண்கள் கலங்கிவிடுகின்றன. இதையும் அவள் சொல்லவில்லை, தோழிதான் தலைவனிடம் சொல்கிறாள். ஆனாலும் ஒரு திட்டம் உள்ளிருந்து எப்படி இருக்கும் என்று காட்டும் பாடல் இது. இன்று அந்தச் சிலம்பின் இடத்தில் செல்போன் இருக்கிறது. இருக்குமிடத்தைக் காட்டிக்கொடுப்பதால் அதையும் வீட்டிலேயே விட்டுவிட்டுப் போக வேண்டியிருக்கிறது.

இன்னொன்றையும் மாணவிகளுக்குச் சொல்லியாக வேண்டும். சங்க காலத்தில் காதலுக்குத் தடை இல்லை, உடன்போக்கே அதற்குச் சான்று என்று மேடைகளில் பேசுவது நம் வழக்கம். தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் தலைவனுக்கும் தலைவிக்கும் இருக்க வேண்டிய பத்து ஒப்புமைகளைப் பட்டியலிடுகிறது. அதில் முதலில் வருவது பிறப்பு, அடுத்தது குடிமை. களவியலோ இருவரும் ஒத்தவராக இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு, ஆண் உயர்ந்தவனாக இருந்தால் தடையில்லை என்று ஒரு சலுகை தருகிறது. பெண் உயர்ந்தவளாக இருந்தால் என்ன என்பதற்கு அங்கே இடமே இல்லை. சாதி ஆணவக் கொலைகளில் திரும்பத் திரும்ப நாம் காண்பது இலக்கணம் சலுகை தராத அந்த ஜோடியைத்தான். பாட்டு அவர்களைப் பாடவில்லை, ஊர் அவர்களை விட்டுவைக்கவில்லை.

மறுதரவும் அப்படித்தான். ஐங்குறுநூறு 391இல் தாய் காக்கையிடம் பேசுகிறாள். என் மகள் அவனோடு திரும்பி வரும்படி நீ கரைந்தால் பொற்கலத்தில் ஊன்சோறு தருவேன் என்கிறாள். இருவருமாக வர வேண்டும் என்று ஆசைப்படும் தாய் அவள். இப்போது "வந்துடுங்க, ஊரறிய நாமளே கல்யாணம் பண்ணி வைப்போம்" என்று வரும் அழைப்பு பல வேளை ஒரு பொறி. பாலாஜி சக்திவேலின் 'காதல்' (2004) படத்தில் மதுரையிலிருந்து சென்னைக்கு ஓடிய ஜோடி தங்க இடமில்லாமல் அலைகிறது. எங்கே தங்கினார்கள் என்ற கேள்வியைப் பொருட்படுத்திய அரிதான தமிழ்ப் படம் அது. பின்பு நயமாகப் பேசி ஊருக்குக் கூட்டிவரப்படுகிறார்கள். முடிவில் மனம் பிறழ்ந்து நிற்கும் அவனுக்காகத் திரையரங்கமே அழுதது. வேறொருவனின் மனைவியாக்கப்பட்ட அவளுக்கு என்ன ஆனது என்பதைப் படம் கணவனின் பெருந்தன்மையால் மூடிவிடுகிறது.

சொற்களைக் கவனியுங்கள். எங்கள் ஊர்ப் பேச்சில் பெண் "ஓடிப்போயிட்டா", ஆண் "இழுத்துட்டுப் போயிட்டான்". ஒன்று குற்றவாளி, அல்லது திருட்டுப்போன பொருள். தொல்காப்பியம் தரும் சொல் கொண்டுதலைக்கழிதல். அங்கும் கொண்டுபோகிறவன் ஆண். உடன்போக்கு என்பது கொஞ்சம் மதிப்பான சொல், ஆனால் "உடன்" என்றால் யாருக்கோ உடன். இந்த வினைகளுக்கெல்லாம் வெளியே ஒரு வினையை எங்கள் மாவட்டத்துப் பெண் ஒருத்தி ஆயிரம் ஆண்டுக்கு முன்பே பயன்படுத்தினாள். அவள்தான் திருவில்லிபுத்தூர் ஆண்டாள்.

நாச்சியார் திருமொழியின் ஆறாம் பதிகமான வாரணமாயிரம் எல்லோருக்கும் தெரியும். யானைகள் சூழ நடக்கும் கனவுத் திருமணம் அது. இன்றும் வைணவக் கல்யாணங்களில் அதைப் பாடுகிறார்கள். பன்னிரண்டாம் பதிகத்தை எந்தக் கல்யாணத்திலும் நான் கேட்டதில்லை. 'மற்றிருந்தீர்கட்கு' என்று தொடங்கும் அது, என் வாசிப்பில், தமிழில் ஒரு பெண் தன் வாயால் சொன்ன உடன்போக்குத் திட்டம். வைணவ மரபு இதைப் பக்தியின் ஆற்றாமையாக வாசிக்கும். அதை மறுக்க வேண்டியதில்லை. ஆற்றாமைக்கும் திட்டம் உண்டு.

இந்தத் திட்டத்தில் வழி இருக்கிறது: மதுரை, ஆய்ப்பாடி, நந்தகோபன் வாசல், யமுனைக் கரை, காளியன் பொய்கை, பத்தவிலோசனம், பாண்டிவடம், கோவர்த்தனம், துவராபதி என்று பாட்டுக்கு ஓர் இடமாக ஒன்பது இடங்கள். நேரமும் இருக்கிறது. நந்தகோபன் வாசலுக்கு நள்ளிருளில் போக வேண்டும் என்கிறாள். ஊர்ப்பேச்சுக்கும் கணக்கு இருக்கிறது. அக்கம்பக்கத்தார் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது, இனி வெட்கப்பட்டு ஆகப்போவது எதுவுமில்லை. தாயும் தந்தையும் சுற்றமும் இருக்க இவள் தனியே போனாள் என்ற சொல் பரவிய பின்பு பழியைத் தடுக்க முடியாது. அதற்கு முன்பே செய்துவிடுங்கள் என்கிறாள்.

யாரிடம் சொல்கிறாள் என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. சொல்வது தோழியிடம் அல்ல, தலைவனிடமும் அல்ல. அம்மனைமீர் என்று தாய்மாரை அழைக்கிறாள். பதிகத்தின் முடிவு, தன் சுற்றத்தாரே தன்னைக் கொண்டுசேர்க்க வேண்டிப் பாடியது என்று வெளிப்படையாகச் சொல்கிறது. சிலம்பைக் கழற்றி ஒளித்து வைக்கிற வேலையே இங்கு இல்லை. நான் போக நினைக்கிறேன், நீங்களே கொண்டுபோய் விடுங்கள் என்று வீட்டார் முகத்துக்கு நேராகச் சொல்கிறாள். ஒன்பதாம் பாட்டில் கூண்டுக் கிளி ஒன்று வருகிறது. சோறு போடாமல் தண்டித்தால் அது இன்னும் உரக்க அவன் பேரைக் கூவுகிறது. உங்கள் பேர் கெட்டு நீங்கள் தலை குனிய வேண்டாமே என்று அடுத்து வருவது கெஞ்சல் போலத் தோன்றும். உண்மையில் கணக்கை மாற்றி எழுதுகிறாள். மானம் போவது நான் போவதால் அல்ல, நீங்கள் தடுப்பதால்.

ஒவ்வொரு பாட்டிலும் திரும்ப வரும் வினை உய்த்தல். கொண்டுசேர்ப்பது என்று பொருள். அதன் வேர் உய்தல், அதாவது பிழைத்தல். கோவர்த்தனப் பாட்டில் இரண்டையும் அருகருகே வைக்கிறாள். மழையில் மாடுகள் பிழைப்பதற்காகக் குடையாகத் தூக்கிப் பிடிக்கப்பட்ட மலை அது, அங்கே என்னைக் கொண்டுசேருங்கள் என்கிறாள். கொண்டுபோய் விடுவதும் உயிரோடு விடுவதும் அங்கே ஒரே வினையாகிவிடுகின்றன. அவள் கேட்கும் மலை காட்சிக்கு அழகான மலை அல்ல, ஒதுங்குவதற்கான மலை. அவர்கள் எங்கே தங்கினார்கள் என்ற கேள்விக்கு என்னால் காட்ட முடிந்த முதல் இலக்கியப் பதில் இதுதான்.

ஆண்டாளைக் கொண்டாடும்போது ஒன்றை மறக்கக் கூடாது. அவள் போனது கடவுளிடம். துளசி வனத்தில் கண்டெடுக்கப்பட்டவள் என்று மரபு சொல்கிறது, குலம் கேட்க முடியாத பெண். அவளைத் தந்தையே திருவரங்கம் அழைத்துப்போனார் என்பதும் மரபுக் கதை. வீடு அவள் வினைக்கு இணங்கியது. மணமகன் பெருமாளாக இல்லாமல் அடுத்த தெருக்காரனாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை எங்கள் மாணவிகளுக்கு விளக்கத் தேவையில்லை.

அடுத்த தெருக்காரனைத் தேர்ந்தவளுக்கு இலக்கியம் தராத சிலவற்றைச் சட்டம் தந்திருக்கிறது, அதையும் வகுப்பில் சொல்கிறேன். அருப்புக்கோட்டைக்கு அருகே சுக்கிலநத்தத்தில் 1928இல் பெரியார் நடத்திவைத்ததே முதல் சுயமரியாதைத் திருமணம் என்பது இயக்க வரலாறு. 1931இல் விருதுநகரில் மாகாண சுயமரியாதை மாநாடு கூடியது. அந்த மணமுறைக்கு 1967இல் தமிழ்நாடு கொண்டுவந்த 7-ஏ பிரிவு சட்ட ஏற்பு தந்தது. தாலி கட்டுவது, மாலை அல்லது மோதிரம் மாற்றுவது, ஒருவரையொருவர் துணையாக ஏற்பதாக அறிவிப்பது, இவற்றில் ஒன்று போதும். அது ஊரறிய நடக்க வேண்டியதில்லை என்று 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. சிறப்புத் திருமணச் சட்டமோ இன்றும் 30 நாள் அறிவிப்பை அலுவலகத்தில் ஒட்டச் சொல்கிறது. ஆண்டாள் அஞ்சிய ஊர்ப்பேச்சுக்கு அரசே பலகை மாட்டித் தருவது போன்றது இது. 2016இல் சென்னை உயர் நீதிமன்றம் மாவட்டந்தோறும் சிறப்புப் பிரிவும் 24 மணி நேர உதவி எண்ணும் வேண்டும் என்றது. 2018இல் உச்ச நீதிமன்றம் பாதுகாப்பு இல்லங்கள் பற்றிப் பேசியது. எங்கே தங்குவது என்பது நீதிமன்றத்துக்கும் கேட்டிருக்கிறது.

இவையெல்லாம் ஓடுகிறவர்களுக்கான ஏற்பாடுகள், அவசியமானவை. ஆனால் ஆண்டாள் கேட்டது ஓடுவதற்கு வழி அல்ல. ஓட வேண்டிய தேவை இல்லாத வீட்டைக் கேட்டாள். பத்திரிகையில் அவள் படத்தை அச்சிடுகிற வீடுகள் அந்தப் பன்னிரண்டாம் பதிகத்தை ஒருமுறை வாசித்தால், மகள் நேருக்கு நேர் நின்று என்ன சொல்ல நினைத்தாள் என்பது தெரியலாம்.

இப்போது குறுந்தொகை நடத்தும்போது அந்தக் கேள்வியை நானே கேட்கிறேன். என் மேசையின் கீழ் இழுப்பறையைக் காலி செய்து வைத்திருக்கிறேன். பூட்டுக்கு இரண்டு சாவி. வீட்டில் வெள்ளையடிக்கிறார்கள் என்று யாராவது வந்து சொன்னால், ஏன் என்று இனி கேட்க மாட்டேன்.