வரலாற்றுக்குச் செய்முறை கிடையாது

நெற்கட்டும்செவலுக்கு எப்படிப் போவது என்று தென்காசிப் பக்கத்துப் பத்தாம் வகுப்புப் பிள்ளையிடம் கேட்டால் பஸ் வழி சொல்லும். பாளையக்காரர் பூலித்தேவரின் கோட்டைகள் எவை என்றால் புத்தக வரியை ஒப்பிக்கும்: நெற்கட்டும்செவல், வாசுதேவநல்லூர், பனையூர்; 1761-இல் ஆங்கிலேயர் தரப்புத் தளபதி யூசுப்கான் கைக்குப் போயின. இரண்டு பதிலும் சரி. இரண்டிலும் வருவது ஒரே ஊர்தான் என்பது மட்டும் பிள்ளைக்கு உறைப்பதில்லை.

2019-இல் வந்த பத்தாம் வகுப்புச் சமூக அறிவியல் புத்தகத்தின் மேல் எல்லாப் பழியையும் போட முடியாது. முதல் உலகப் போரில் தொடங்கி, பாளையக்காரர்களைத் தொட்டு, தமிழ்நாட்டின் சமூக மாற்றம் வரை அதன் வரலாற்றுப் பகுதி போகிறது. ஆலங்குளத்தில் பீடி சுற்றும் வீட்டுப் பிள்ளை ஹிரோஷிமாவையும் பெரியாரையும் தாய்மொழியில், காசில்லாமல் படிக்கிறது. எல்லோரும் ஏளனம் செய்கிற மனப்பாடத்துக்கும் ஒரு நியாயம் உண்டு. கோடிட்ட இடத்தையும் பொருத்துகவையும் டியூஷன் போகாத பிள்ளையும் முழுசாக எழுதலாம். திருத்துகிறவரின் விருப்பு வெறுப்பு அங்கே நுழையாது.

கோளாறு, கேள்வி அதோடு நின்றுவிடுவதில் இருக்கிறது.

செங்கோட்டை வாஞ்சிநாதன் 1911 ஜூன் 17 அன்று மணியாச்சி ரயில் நிலையத்தில் கலெக்டர் ஆஷைச் சுட்டார். ஒரு மதிப்பெண்ணுக்கு இது போதும். ஆனால் அன்று செங்கோட்டை திருவிதாங்கூர் சமஸ்தானத்து ஊர். 1956 நவம்பர் 1-இல்தான் நெல்லைச் சீமையோடு சேர்ந்தது. வாஞ்சி வேலை பார்த்ததும் புனலூர் வனத்துறையில். வேற்றுச் சமஸ்தானத்துக்காரருக்கு நெல்லைக் கலெக்டர் மேல் ஏன் அத்தனை கோபம்? அவர் பையில் இருந்த கடிதம் ஐந்தாம் ஜார்ஜின் முடிசூட்டலை எதிர்த்தது. நாட்டுப்பற்றும் சனாதனப் பிடிப்பும் அதில் பின்னிக் கிடப்பதால் ஆய்வாளர்கள் இன்றும் வாதாடுகிறார்கள். அந்தக் கடிதத்தை ஒரு பீரியட் வகுப்பில் வைத்து வாசித்தால், தியாகி என்ற சொல்லுக்குள் எத்தனை கேள்விகள் இருக்கின்றன என்று பிள்ளைகளே எண்ணிவிடுவார்கள்.

பள்ளி கேட்காமல் விட்டதை வெளியே ஃபிளெக்ஸ் பேனர் சொல்லிக்கொடுக்கிறது. ஆகஸ்டில் பூலித்தேவரின் தளபதி ஒண்டிவீரன் நினைவு நாள், செப்டம்பர் 1-இல் பூலித்தேவர் பிறந்த நாள். அந்த நாட்களில் மாவட்டத்தில் போலீஸ் குவிகிறது. ஒரே படையில் நின்றவர்களை ஆளுக்கொரு சாதிக்குப் பங்கு போடும் பேனரைப் பார்த்து, "இதற்கு ஆதாரம் என்ன?" என்று கேட்கும் பழக்கம் வகுப்பறையில்தான் வர வேண்டும்.

பத்தாம் வகுப்பு அறிவியலில் 25 மதிப்பெண் செய்முறைக்கு. சமூக அறிவியலில் 100-ம் எழுத்துத் தேர்வு. வரலாற்றில் செய்து பார்க்க என்ன இருக்கிறது என்பவர்கள் தென்காசி காசி விசுவநாதர் கோயிலுக்குள் போகலாம். 15-ஆம் நூற்றாண்டில் அதைக் கட்டிய பராக்கிரம பாண்டியன், பின்னாளில் பழுது நேர்ந்தால் அதைச் சரிசெய்வோர் யாரானாலும் அவர்களைப் பணிகிறேன் என்று கல்லில் பொறித்திருக்கிறான். கோபுரம் சிதைந்து நெடுங்காலம் கிடந்தது; இப்போது நிற்பது 1990-இல் எழுந்தது. அரசன் எதற்கு அஞ்சினான், கோபுரத்தில் பழையது எது, புதியது எது? இவற்றுக்குக் கைடில் விடை இல்லை.

இதற்கும் மதிப்பெண் வைத்தால் எல்லோருக்கும் 25-க்கு 25 போட்டுவிடுவார்கள் என்ற சந்தேகம் நியாயமானது. போர்ஷன் முடிக்கவே நேரம் போதாத ஆசிரியரின் அலுப்பும் பொய்யில்லை. அப்படியானால் மதிப்பெண்ணே வேண்டாம். சாரல் காலத்தில் பிள்ளைகள் எப்படியும் குற்றாலத்துக்குப் போகத்தான் போகிறார்கள். குளித்துத் தலை துவட்டியதும் ஒரு மணி நேரம், குற்றாலநாதர் கோயில் சுவரில் இருக்கும் கல்வெட்டுகளில் ஒரே ஒரு வரியை எழுத்துக்கூட்டிப் பார்க்கச் சொல்லலாம்.